தமிழ் அச்சில் கொட்டை எழுத்து: இயல்பும் பயனும்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், மதுரை மிசனைச் சார்ந்த இயேசு சபைத் துறவியரின் பழைய நிலையங்களுள் ஒன்று. சங்கப் புலவர் ஆவூர் மூலங்கிழாரின் பெயரோடு இயைந்த ஆவூர் எது என்பது வேறோர் ஆராய்ச்சி. ஈண்டு நாம் கருதுவது வீரமாமுனிவர் தங்கித் தொண்டாற்றிய ஆவூரையே. அவர் பெயரைக் கேட்டவுடன் தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் நம் நினைவிற்கு வருகின்றன. இவற்றினும் சிறியதாய்த் தோன்றினும், தமிழ் எழுதுவார் ஒவ்வொருவர் கையிலும் நாள்தோறும் வாழ்வதாகிய அவரது தொண்டு பிறிதொன்று உண்டு. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்ட அவர் மேற்கொண்ட முயற்சியே அது.

பண்டை இலக்கணத்தார் குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்குப் புள்ளி கூறினர். ஓலையில் எழுதுவோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் இடாது விடுத்தனர். அதனால் குறிலும் நெடிலும் ஒரே வடிவு பெற்றுப் படிப்பார்க்கு மயக்கம் விளைத்தன. வீரமாமுனிவர் கொம்பின் தலைப்புறத்தைச் சுழித்து நெடிலைக் குறிக்கும் வழக்கினைப் புகுத்தினார் என்பது அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. ஒரு சிறு சுழி ஒரு சொல்லின் பொருளைக் காத்தது.

இச்சிறு சுழியை அளவுகோலாகக் கொண்டு, தலைப்புகளிலும் விளம்பரங்களிலும் பயிலும் தடித்த அச்செழுத்தை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அழகு, மிடுக்கு, புதுமை என்பன பற்றி அச்சகத்தாரும் ஓவியரும் பேசுவர். மொழியாராய்ச்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எழுத்துத் தடிக்கும்போது மொழியின் நுண்ணிய வேறுபாடுகள் பிழைக்கின்றனவா, மாய்கின்றனவா என்பதே அது.

1. பெயரும் பொருளும்

மக்கள் வழக்கில் இவ்வெழுத்து 'கொட்டை எழுத்து' எனப்படும். இப்பெயர் இரண்டு பண்புகளை ஒருங்கே சுட்டுகிறது. ஒன்று பருமை, மற்றொன்று தடிப்பு. பருமை என்பது எழுத்தின் உயரமும் அகலமும் மிகுதல். தடிப்பு என்பது எழுத்தின் கோடு தன் உயரத்திற்கு ஒப்பப் பார்க்குமிடத்து அகன்று நிற்றல். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். பருத்த எழுத்தில் கோடும் உள்வெளியும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன. தடித்த எழுத்திலோ கோடு வளர, உள்வெளி சுருங்குகிறது. ஆகவே பருமை படிப்பார்க்கு உதவுவது எளிது. தடிப்பு உதவுவது அரிது. இவ்வேறுபாட்டை மறந்து, 'பெரிதாகத் தெரிய வேண்டுமாயின் தடிக்கச் செய்க' என்று கருதுவதே பல குறைகளுக்குத் தோற்றுவாய்.

2. கல்லும் ஓலையும் ஈயமும்

எழுத்தின் உருவம் எழுதுகருவியையும் எழுதப்படுபொருளையும் சார்ந்தது. ஆவூர் இருக்கும் அதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில், சமணர் படுக்கைகளின் அருகே பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் ஒரே அகலமுடைய எளிய கோடுகளால் ஆனவை. பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறிய எழுத்தும் அத்தன்மையதே. ஓலையின் நரம்புக்கு இணையாக நெடிய நேர்கோடு கீறின் ஓலை கிழியும். அழுந்தப் புள்ளியிடின் துளைபடும். ஆதலின் தமிழெழுத்து வளைந்தது, புள்ளி அருகியது. எழுத்தாணியின் நுனி எத்திசையில் சென்றாலும் ஒரே அகலத்தில் கீறுமாதலின், ஒரே எழுத்தில் தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் மாறி வருதல் ஓலைத் தமிழுக்கு இயல்பன்று.

ஈயத்தில் வார்த்த எழுத்து இந்நிலையை மாற்றியது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கமுடைய சிறு நூல். அதன் எழுத்துகளுள் ஒரு பகுதி கோவாவிலும் மற்றொரு பகுதி கொல்லத்திலும் வார்க்கப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்திற்குச் செருமானிய நாட்டு ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே இந்நாட்டிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டனர்.

இச்செய்தியில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. தொடக்ககாலத் தமிழ் அச்சில் பேரெழுத்து என்பது விரும்பிக் கொண்டதன்று. சிறிய எழுத்தை வெட்டும் திறன் இன்மையால் நேர்ந்தது. எல்லா எழுத்தும் பெரிதாக இருக்குமிடத்துத் தலைப்பெழுத்து என்று ஒன்று தனித்து நிற்க இயலாது. சிற்றெழுத்து தோன்றிய பின்னரே பேரெழுத்துக்குத் தனிப்பணி பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் ஹண்ட் என்பார் சிறியனவும் தெளிவுடையனவுமாகிய எழுத்துகளை உருவாக்கினார். 1862ஆம் ஆண்டில் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் சிறப்புக்குச் சான்று. சிறிய எழுத்து இவ்வாறு நிலைபெற்ற பின்னரே, சொல்லைச் சுட்டும் எழுத்து, விளக்கம் கூறும் எழுத்து, தலைப்பைத் தாங்கும் எழுத்து என்ற தொழிற்பாகுபாடு தமிழ் அச்சிற் செழித்தது.

வீரமாமுனிவர் இலத்தீன் மொழியில் யாத்த கொடுந்தமிழ் இலக்கணம் 1738ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சமயக் கொள்கையில் அவரோடு மாறுபட்ட உலுத்தரன் சபையாரின் அச்சகம் அது. கொள்கையில் முரணியவர்களும் எழுத்தில் ஒன்றுபட்டனர்.

3. மேனாட்டுத் தடித்த எழுத்து

உரோமானியக் கல்வெட்டெழுத்துகளில் கோட்டின் முனைதோறும் ஒரு சிறு குறுக்குக்கட்டு அமைந்திருத்தலைக் காணலாம். ஆங்கில அச்சகத்தார் இதனைச் 'செரிஃப்' என்பர்; நாம் முனைக்கட்டு எனலாம். இம்முனைக்கட்டோடு தடித்த, மெல்லிய கோடுகள் மாறி வருதல் அவ்வெழுத்துக் குடும்பத்தின் இலக்கணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இராபர்ட்டு தார்ன் முதலிய வார்ப்போர் இவ்வெழுத்தின் நெடுங்கோடுகளை அளவிறந்து தடிக்கச் செய்து, கிடைக்கோடுகளை மயிரிழை போல விடுத்தனர். சுவரொட்டிகளும் பரிசுச்சீட்டு அறிவிப்புகளும் பெருகிய காலம் அது; தெருவில் நடப்பவனைத் தடுத்து நிறுத்துவதே அவ்வெழுத்தின் வேலை. 1845ஆம் ஆண்டில் அதே நகரில் வெளிவந்த 'கிளாரண்டன்' எழுத்து வேறொரு வழியைக் காட்டியது. அதன் தடிப்பு அளவுடையது, முனைக்கட்டும் உறுதியானது. உரைநடை எழுத்தோடு ஒரே வரியில் நின்று ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுதற்கு அது பயன்பட்டது. 1922ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து ஆசுவால்டு கூப்பர் வரைந்த 'கூப்பர் பிளாக்கு' என்பதோ, முனைக்கட்டுகளைக் கூரின்றி உருட்டி, எழுத்து முழுவதையும் மெத்தை போலப் பருக்கச் செய்தது. விளம்பரத் துறையில் அது பெற்ற செல்வாக்குப் பெரிது.

இம்மூன்றும் மூன்று குணங்கள். முதலாவது அதட்டுகிறது, இரண்டாவது சுட்டிக்காட்டுகிறது, மூன்றாவது நட்போடு அழைக்கிறது. தடித்த எழுத்து அனைத்தும் ஒரே தன்மையன அல்ல என்பதற்கு இவை சான்று. ஆயின் மூன்றுக்கும் பொதுவான நற்பேறு ஒன்று உண்டு. உரோமானிய எழுத்துகளுட் பல, ஓர் எழுத்துக்கு ஓர் உள்வெளியே உடையவை. சில உள்வெளியே அற்றவை. எனவே கோடு எவ்வளவு தடித்தாலும் எழுத்தின் அடையாளம் எளிதில் அழிவதில்லை. தமிழ் எழுத்துக்கு இந்நற்பேறு இல்லை.

4. சுழியே தமிழெழுத்தின் முனைக்கட்டு

தமிழ் எழுத்துகளின் கோட்டு முனைகளை எண்ணிப் பார்ப்போம். பகரத்திற்கு மேலே இரண்டு முனைகள் உள. டகரத்திற்கு மேலே ஒன்றும் வலப்புறத்தே ஒன்றும் உள. யகர மகரங்களிலும் இத்தகைய வெளிப்பட்ட முனைகள் சில உள. ஆயின் ணகரம், னகரம், ளகரம், ஞகரம், இகரம், ஐகாரம் முதலியவற்றில் கோடு தன் முனையை வெளியே காட்டாமல் உள்ளே சுழிந்து அடங்குகிறது. முனைக்கட்டு நிற்றற்குரிய இடத்தில் தமிழெழுத்துச் சுழியைப் பெற்றிருக்கிறது. ஆதலின் சுழியே தமிழெழுத்தின் முனைக்கட்டு எனலாம்.

இதனை உணராது, மேனாட்டு எழுத்தின் முனைக்கட்டுகளைப் பகர டகரங்களின் தலையில் ஒட்டவைத்தால், அவ்விரண்டு எழுத்துகள் மட்டும் வேற்றுடை உடுத்தி நிற்க, சுழியெழுத்துகள் தம் பழைய உடையிலேயே நிற்கும். ஒரு சொல்லுக்குள் இரு குலத்து எழுத்துகள் கலந்த தோற்றம் உண்டாகும். அவ்வாறே, நெடுங்கோட்டைத் தடித்துக் கிடைக்கோட்டை மெலிக்கும் முறையையும் அப்படியே மேற்கொள்ளல் பொருந்தாது. டகரத்தின் உயிர் அதன் அடிக்கோட்டில் உள்ளது. அதனை மயிரிழையாக்கின், தொலைவில் நிற்பார்க்கு ஒரு தூண் மட்டுமே புலப்படும். பகரம் இரு தூண்களாகிவிடும். தமிழில் கிடைக்கோடு அணியன்று, எலும்பு.

எனவே முனைக்கட்டு எழுத்தின் பண்பைத் தமிழிற் கொணர விழைவோர், அதன் உறுப்பைக் கொணர்தல் வேண்டா. அதன் உணர்ச்சியைக் கொணர்தல் வேண்டும். நிமிர்ந்த நிலை, கோட்டில் ஏற்ற இறக்கம், முனையில் ஓர் அழுத்தம் என்பனவே அவ்வுணர்ச்சி. சுழி தொடங்குமிடத்துத் தடித்து, அடங்குமிடத்து மெலிந்து, உள்ளே வெளிச்சம் விட்டு நிற்குமாயின், அவ்வெழுத்து முனைக்கட்டின்றியே அப்பண்பைப் பெற்றுவிடும்.

5. ஆறு இணைகள்

தடித்த எழுத்தொன்று தமிழுக்குத் தகுதியுடையதா என்பதை அறிதற்கு ஆறு இணைச் சொற்களை உரைகல்லாகக் கொள்ளலாம்.

முதலாவது, நிலம் – நீலம். இவற்றிடையே வேறுபாடு மேல்விலங்கின் நுனியிலுள்ள சுழி ஒன்றே. சுழி அடைபடின் நீலம் நிலமாகும். இரண்டாவது, பெய் – பேய். இது வீரமாமுனிவரின் சுழி. கொம்பின் தலையில் உள்ள சிறு வெளி மூடின் பேய் பெய்யாகும். மூன்றாவது, எரி – ஏரி. இங்கு வேறுபாடு எழுத்தின் அடியில் இறங்கும் சிறு கோடு. அடுத்த வரியோடு மோதுமென்று அக்கோட்டைக் குறுக்குவோர், ஏரியைத் தீயாக்குவர். நான்காவது, பணி – பனி. ணகரத்திற்கும் னகரத்திற்கும் இடையே ஒரு சுழி மிகுதி. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருமைப் பிழம்பாயின், எத்தனை என்று எண்ண இயலாது. ஐந்தாவது, பல் – பல. புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டினும், அளவிற் சிறுத்து மறையினும், மெய் உயிர்மெய்யாகிவிடும். ஆறாவது, தரம் – தாம். ரகரத்தின் வால் தேய்ந்தால் அது காலாகிவிடும். பழைய வார்ப்புகளில் ரகர மெய்க்கும் ரிகரத்திற்கும் வாலின்றிக் கால் வடிவையே வழங்கினர். அங்கே புள்ளியோ விலங்கோ துணைநின்று ஐயம் அகற்றிற்று. தனி ரகரத்திற்கு அத்துணை இல்லை.

'இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாமே; இவ்வளவு நுணுக்கம் எதற்கு?' என்பார் உளர். உரைநடையில் இவ்வாதம் ஓரளவு பொருந்தும். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் மயக்கம் நீக்கும். ஆயின் கொட்டை எழுத்து உரைநடைக்கு உரியதன்று. அது நூலின் பெயருக்கும், ஊரின் பெயருக்கும், கடையின் பெயருக்கும், ஆளின் பெயருக்கும் உரியது. அங்கே வருவன ஒன்றிரண்டு சொற்களே. பெயர்ச்சொல்லுக்கு முன்பின் தொடர்பு இல்லை. அது தன் எழுத்தையே நம்பி நிற்கிறது. ஆகவே, மயக்கம் நீக்கும் துணை எங்கே இல்லையோ, அங்கேயே தெளிவு மிகுதியாக வேண்டப்படுகிறது. இவ்வாதத்தை மறுத்தற்கு இதுவே போதும்.

6. பயன்கள்

கொட்டை எழுத்தின் பயன்களுள் தமிழுக்கே சிறப்பாக உரியவை மூன்றினைக் காண்பாம்.

முதலாவது, 'பெரிய எழுத்து' நூல்கள். விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை முதலியவை 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழியைத் தம் பெயரின் முன்னரே தாங்கி வெளிவந்தன. சென்னை இரத்தின நாயகர் பதிப்பகம் இத்துறையிற் பெயர்பெற்றது. எழுத்தின் அளவையே நூலின் சிறப்பாக விளம்பரம் செய்த இவ்வழக்கு ஆராய்தற்குரியது. சிறிதளவே படித்தோரும், கண்ணொளி குறைந்த முதியோரும், விளக்கொளியில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் குழுவினரும் இந்நூல்களை வாங்கினர். இங்கே பருமை வாணிக உத்தியாக மட்டும் அமையவில்லை. எளியோர்க்குச் செய்த உதவியாகவும் அமைந்தது. இந்நூல்களின் உள்ளெழுத்துப் பருத்தது, ஆயின் தடித்ததன்று என்பதனையும் நோக்குக. உள்வெளி திறந்திருந்தமையாலேயே அவை படிக்கப்பட்டன.

இரண்டாவது, மூலமும் உரையும். பழைய இலக்கியங்களைப் பதிப்பித்தோர் மூலச் செய்யுளைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டனர். இதனால் ஆசிரியன் வாக்கு எது, உரைகாரன் வாக்கு எது என்பது கண்ட அளவிலே புலனாயிற்று. அகராதிகளில் தலைச்சொல் எடுப்பாக நிற்றலும் இவ்வகையினதே. இங்குக் கொட்டை எழுத்து அதட்டவில்லை, வழிகாட்டுகிறது. கிளாரண்டன் எழுத்துக்கு நாம் மேலே கூறிய குணம் இதுவே.

மூன்றாவது, நாளிதழ். 1942ஆம் ஆண்டில் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி', எளிய சொல்லையும் பெரிய தலைப்பையும் துணைக்கொண்டு, அதுகாறும் நாளிதழ் படியாத மக்களைப் படிப்போராக்கியது. தேநீர்க் கடையில் ஒருவர் விரித்த தாளை நால்வர் எட்டி நின்று படித்தற்குக் கொட்டை எழுத்தே இடந்தந்தது.

இம்மூன்று பயன்களிலும் ஒரு பொதுமை விளங்குகிறது. கொட்டை எழுத்தை மிகுதியும் நாடுவோர், எழுத்தோடு குறைந்த பழக்கமுடையோர். நன்கு கற்றவர் அடைபட்ட சுழியையும் ஊகித்துப் படித்துவிடுவர். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்க்கு அவ்வூகம் இல்லை. ஆகவே சுழியைக் கொல்லும் கொட்டை எழுத்து, யாருக்காகப் பிறந்ததோ அவரையே கைவிடுகிறது. அழகின்மையினும் பெருங்குற்றம் இது.

7. எழுத்துச் சீர்திருத்தமும் கணிப்பொறியும்

பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் இதழில் மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தங்களுட் சிலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்றது. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய இணைவடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றில் துதிக்கை போல முன்வளைந்த வடிவங்களும் வழக்கிழந்தன. இம்மாற்றத்தை அச்சுக்கோப்போரின் உழைப்புக் குறைந்தது என்ற அளவில் மட்டும் மதிப்பிடல் போதாது. பழைய இணைவடிவங்கள் சுழிமேற் சுழி அடுக்கியவை. தடித்த எழுத்தில் முதலில் அடைபட்டவை அவையே. கால் தனியே பிரிந்தபின் அப்பளு நீங்கியது. எனினும் ஐகாரக் குறி எங்கும் இரட்டைச் சுழியாக நிலைத்தமையால், அச்சுழிகள் இரண்டையும் திறந்து வைக்கும் பொறுப்பு எழுத்து வரைவோர்மேல் ஏறியது.

ஈய எழுத்தின் காலத்தில் தடித்த எழுத்தைத் தனியே வெட்டி வார்த்தல் வேண்டும். வெட்டுவோன் கண் ஒவ்வொரு சுழியிலும் படிந்தே தீரும். கணிப்பொறியிலோ, தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவையும் ஒரு விசையால் தடிக்கச் செய்யலாம். அவ்வாறு செய்யும்போது பொறி கோட்டின் விளிம்பைப் பூசிப் பருக்கச் செய்கிறதேயன்றி, உள்வெளியை விரிப்பதில்லை. மேலே கூறிய ஆறு இணைகளும் இங்கே இடர்ப்படுகின்றன. சிற்றூர்தோறும் தொங்கும் பதாகைகளில் பக்கவாட்டில் இழுத்துப் பருக்கப்பட்ட எழுத்துகளைக் காண்போர் இதனை உணர்வர்.

ஆயின் பொறியைக் குறைகூறல் முறையன்று. மெல்லிய வடிவு முதல் மிகத் தடித்த வடிவு வரை ஒன்பது படிகளாக வரையப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் இன்று உள்ளன. பிரியா இரவிச்சந்திரன் வரைந்த 'கட்டமரன்' அத்தகையது. கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறிவரும் மரபைப் பின்பற்றிய 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்பதும் அத்தகையதே. இவற்றில் ஒவ்வொரு தடிப்பிற்கும் வடிவம் தனியே எண்ணப்பட்டுள்ளது. இவற்றை எவரும் விலையின்றிப் பெறலாம். கருவி உண்டு, அதனைத் தேர்ந்தெடுக்கும் கண்ணே பயிற்சி பெறுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: பருமையும் தடிப்பும் வேறு, முன்னதற்குத் தமிழ் எளிதில் இடந்தரும், பின்னதற்கு அளவோடு இடந்தரும். மேனாட்டு முனைக்கட்டை உறுப்பளவில் எடுத்து ஒட்டுதல் தமிழெழுத்துக்குப் பொருந்தாது. சுழியின் தடிப்பிலும் மெலிவிலும் அப்பண்பைக் காட்டுதலே தக்கது. தடித்த எழுத்தின் தகுதியை அதன் மிடுக்கால் அளத்தல் கூடாது. ஆறு இணைகளும் தெளிவாக வேறுபடுகின்றனவா என்பதால் அளத்தல் வேண்டும்.

நூற்பெயர்ப் பக்கங்களையும் ஊர்ப்பெயர்ப் பலகைகளையும் பாடநூல் தலைப்புகளையும் அமைப்போர், எழுத்தைத் தேருமுன் இவ்விணைகளை அச்சிட்டுப் பத்தடித் தொலைவில் வைத்துப் பார்ப்பாராக. நிலமும் நீலமும் வேறாகத் தோன்றின் அவ்வெழுத்தை ஏற்கலாம். தோன்றாவிடின், அஃது எத்துணை அழகுடையதாயினும் விலக்கலாம். வேற்று நாட்டிலிருந்து வந்து ஆவூர் முதலிய இடங்களில் தங்கித் தமிழ் கற்ற ஒருவர், ஒரு கொம்பின் தலையில் இட்ட சுழியைக் கவனமின்மையால் அடைத்துவிடாமல் காத்தல் நம் கடன்.